க்ளச் கேபிளில் மூன்று சுற்று

ரிவர்ஸ் கியர் விழவில்லை என்று யாராவது வண்டியைக் கொண்டுவந்தால் எங்கள் ஷெட் மெக்கானிக் காது உடனே ஸ்பேனரை எடுக்க மாட்டான். எடுத்த எடுப்பில் ஸ்பேனரைத் தூக்குகிறவன் மெக்கானிக்கே இல்லை என்பது அவன் கட்சி. முதலில் கேள்விகள்தான். வண்டி முழுசாக நின்ற பிறகுதான் போடுகிறீர்களா? இன்ஜின் ஓடும்போது மட்டும் விழவில்லையா, அணைத்த பிறகும் விழவில்லையா? பல்லை நறநறவென்று கடிக்கிறதா, கல்லில் முட்டினது போல அப்படியே நிற்கிறதா? விழுந்த பிறகு தானாகத் துள்ளி வெளியே வருகிறதா? ஒவ்வொரு பதிலுக்கும் அவன் மண்டைக்குள் ஒரு வழி அடைபடும், இன்னொன்று திறக்கும். அணைத்தால் சுலபமாக விழுகிறது என்றால் கோளாறு க்ளச்சில். அணைத்தாலும் விழவில்லை என்றால் லிவருக்கும் கியர் பெட்டிக்கும் நடுவில் உள்ள கம்பியில், அல்லது அதைத் தாங்குகிற புஷ்ஷில். விழுந்து துள்ளினால் பல் தேய்ந்துவிட்டது, பெட்டியைத் திறப்பதைத் தவிர வேறு வழியில்லை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பதினெட்டு வருஷமாக ஒரே ஷெட்டில் அவனுக்கு வலது கைப்பக்கம் நான். வயரிங், பேட்டரி, ஹாரன், விளக்கு எல்லாம் என் வேலை. என்னை அவன் 'ஒயர்' என்பான். அவனை இந்தத் தெருவே 'காது' என்கிறது. நீளமான ஸ்க்ரூடிரைவரின் நுனியைக் கியர் பெட்டியின் மேல் வைத்து, பிடியைக் காதில் அழுத்திக்கொண்டு, கண்ணை மூடி நிற்பான். தெரியாதவர்கள் ஆள் தூங்கிவிட்டான் என்றே நினைப்பார்கள். பிறகு கண்ணைத் திறந்து, "மூணாவது பேரிங், இன்னும் ஆறு மாசம் தாங்கும், போங்க" என்பான். ஆறு மாசம் தாங்கும். எனக்கு எரிச்சலாக இருக்கும். நான் மீட்டரை வைத்து அரைநாள் தேடுகிற கோளாறை இவன் நின்ற இடத்தில் சொன்னால் எரிச்சல் வராதா?

ரிவர்ஸ் என்றால் அவனுக்குத் தனிப் பிரியம். அவனே எனக்கு விளக்கியிருக்கிறான். முன்னால் போகிற கியர்களுக்கெல்லாம் பித்தளை வளையம் ஒன்று உண்டாம். இரண்டு பல்லின் வேகமும் ஒத்துவரும் வரை அது பொறுமையாகப் பிடித்துவைக்கும். நம் ஷெட்டுக்கு வருகிற பழைய வண்டிகளில் ரிவர்ஸுக்கு அந்த வளையம் கிடையாது. க்ளச்சை அரைகுறையாக மிதித்தால் மற்ற கியர்கள் கண்டும் காணாமல் விட்டுவிடும். ரிவர்ஸ் விடாது. ஊருக்கே கேட்கிற மாதிரி கத்தும்.

கேள்விகள் முடிந்ததும் அவன் செய்கிற காரியம் ஒன்று இருந்தது. வண்டிக்காரரை இறங்கச் சொல்லிவிட்டு, தானே ஏறி உட்கார்ந்துகொள்வான். தானே மிதிப்பான், தானே போடுவான், தானே கேட்பான். "வண்டி என்கிட்ட பேசறப்போ நடுவுல ஆள் எதுக்கு?" என்பான். இறக்கிவிடப்பட்டவர்கள் கையைக் கட்டிக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். அதைப் பார்த்து நானும் சிரித்திருக்கிறேன்.

காதுக்குச் சொந்தம் என்று சொல்லிக்கொள்ள இருப்பது அவன் அக்காவும் அக்கா புருஷனும்தான். அம்மா போனபோது அவனுக்கு ஒன்பது வயது. அக்காவுக்குப் பதினேழு. அவள் கல்யாணமாகிப் போகும்போது தம்பியையும் கையோடு கூட்டிக்கொண்டு போனாள். அவள் புருஷன் வாடகைக் கார் ஓட்டுகிறவர். நான் அவரை டிரைவர் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். ஆறடி உயரம், அதிராத பேச்சு. வேலை கற்றுக்கொண்ட புதிதில் காதை நம்பி யாரும் ஒரு சைக்கிளைக்கூட விடவில்லை. இவர்தான் தன் பிழைப்புக்கான காரையே அவன் கையில் கொடுத்து, "பிரிச்சுப் பாரு மச்சான், கெட்டுப்போனா நாம ரெண்டு பேரும் சேர்ந்து நடப்போம்" என்றவர். காதுக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. ஏன் என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவான். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடு அக்கா வீட்டில். நாற்பத்தாறு வயது ஆளை அவள் வாசலிலேயே, "டேய், கையைக் கழுவிட்டு உள்ள வா, கிரீஸோட எதையும் தொடாதே" என்று அதட்டுவாள். அவனும் சின்னப்பிள்ளை மாதிரி கையைக் கழுவிவிட்டு இரண்டு பக்கமும் காட்டுவான்.

ஷெட்டுக்குப் புதுத் தகரம் போட்ட வாரம் டிரைவர் அண்ணன் வண்டியோடு வந்தார்.

"ரிவர்ஸ் போட்டா பல்லைக் கடிக்குது மச்சான். ரெண்டு மூணு தடவை போட்டாத்தான் விழுது."

காது கேள்விகளைக் கேட்டான். இன்ஜினை அணைத்தால் விழுகிறது, நன்றாகவே விழுகிறது என்றார். கியர் ஆயில் பார்த்தான், அளவு சரி. லிவருக்கு அடியில் புஷ் பார்த்தான், ஆட்டம் இல்லை. பிறகு வழக்கம்போல மாமாவை இறக்கிவிட்டு ஏறினான். மிதித்தான், போட்டான். சத்தமே இல்லாமல் விழுந்தது. பத்துத் தடவை போட்டான். பத்துத் தடவையும் விழுந்தது.

"எனக்கு விழுதே மாமா."

"எனக்கு விழலையேப்பா."

"முப்பது வருஷமா ஓட்டறீங்க, கியர் போட மறந்துபோச்சா?"

மூன்று பேரும் சிரித்தோம். காது பானெட்டைத் திறந்து க்ளச் கேபிள் நட்டை ஒரு சுற்று முறுக்கினான். அப்படி முறுக்கினால் பெடலை அவ்வளவு ஆழமாக மிதிக்க வேண்டியதில்லை, கொஞ்சம் முன்னாலேயே க்ளச் விட்டுவிடும். டிரைவர் அண்ணன் ஏறிப் போட்டுப் பார்த்தார். விழுந்தது. "கை வெச்சா போதும்டா உனக்கு" என்று சந்தோஷமாகப் போனார்.

ஐந்து மாசம் கழித்து மறுபடி வந்தார். இந்தத் தடவை, க்ளச் ரொம்பக் கனமாக இருக்கிறது என்றார். காது ஏறி மிதித்தான். கனமில்லை. இருந்தாலும் மாமா ஆயிற்றே, கேபிளையே புதிதாக மாற்றினான். அதோடு இன்னொரு சுற்று. போதாததற்கு ஒரு யுக்தியும் சொல்லிக்கொடுத்தான். ரிவர்ஸ் போடுவதற்கு முன்னால் ஒரு தடவை இரண்டாவது கியரைத் தொட்டுவிட்டு வந்தால் உள்ளே சுற்றுவது நின்றுவிடும், பிறகு ரிவர்ஸ் கத்தாது. அது நல்ல யுக்திதான். எல்லா மெக்கானிக்கும் சொல்வதுதான்.

அன்றைக்கு அவர் வண்டியிலிருந்து இறங்குவதை நான் பார்த்தேன். இடது முட்டியில் பேண்ட்டைக் கையால் பிடித்துத் தூக்கி, காலை வெளியே எடுத்து வைத்தார். "என்னண்ணே, காலுக்கு மரியாதை எல்லாம் பலமா இருக்கு, நீங்களே கை கொடுத்து இறக்கி விடறீங்க?" என்றேன். "உக்காந்தே ஓட்டினா மரத்துப்போகுது தம்பி" என்று சிரித்தார். நான் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றப் போய்விட்டேன். காது மட்டும்தான் தப்பு செய்தான் என்று யாராவது சொன்னால், நான் பார்த்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அவனாவது பார்க்கவில்லை. நான் பார்த்துக் கிண்டல் வேறு செய்தேன்.

மூன்றாவது தடவை வந்தபோது காதுக்கு ரோஷம் வந்துவிட்டது. அவன் கை வைத்த வண்டி ஒரே கோளாறுக்கு மூன்றாம் முறை வருவது அதுதான் முதல் தடவை. பெட்டியை இறக்கித் திறந்தே விட்டான். உள்ளே ரிவர்ஸ் பல்லின் ஓரம் சில்லு சில்லாகப் பொரிந்து போயிருந்தது. "பாத்தியா ஒயரு, இங்க இருக்குடா திருடன்" என்று எண்ணெய்க் கையோடு என்னிடம் தூக்கிக்காட்டினான். புதுப் பல் போட்டான். அந்தப் பல் எதனால் பொரிந்தது என்று அவன் கேட்டுக்கொள்ளவில்லை. அரைகுறை மிதியில் மாசக்கணக்காகத் திணித்துத் திணித்துப் பொரிந்த பல் அது. மாட்டி முடித்த பிறகு, இனி புகாரே வரக்கூடாது என்று நட்டை மூன்றாவது சுற்றும் முறுக்கினான். கேபிளில் நூலளவு தளர்வு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் க்ளச் தட்டு தேய்ந்துவிடும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவன் அவன். அந்தத் தளர்வையும் எடுத்துவிட்டான். மூன்றே மாசத்தில் தட்டு கருகியது. மட்டமான தட்டு என்று கடைக்காரனைத் திட்டிவிட்டு வேறு மாட்டினான்.

அந்தச் சமயத்தில்தான் டிரைவர் அண்ணன் குளியலறையில் விழுந்தார். விழுந்ததில் அடி ஒன்றும் பலமில்லை. ஆனால் எழுந்த பிறகு கால் பின்னியது. சுவரைப் பிடித்து நடந்தார். சுளுக்கு என்று தைலம் தேய்த்தார்கள். இரண்டு மாசம் தேய்த்தும் சரியாகாமல், வலது காலும் இழுக்க ஆரம்பித்தபோதுதான் அக்கா பயந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனாள். முதுகை ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு சொல்கிற அன்று என்னையும் கூப்பிட்டான் காது. அவர் வண்டியிலேயே போவோம், நீ ஓட்டு, நான் மாமாவைப் பிடித்துக்கொள்கிறேன் என்றான்.

அந்த வண்டியை நான் அதற்கு முன் ஓட்டியதில்லை. ஆஸ்பத்திரியில் வண்டி நிறுத்துகிற இடம் குறுகல். பின்னால் எடுக்க வேண்டியிருந்தது. பெடலில் காலை வைத்தேன். வைத்ததுதான் தெரியும், க்ளச் விட்டுவிட்டது. ரிவர்ஸ் வெண்ணெய் மாதிரி விழுந்தது.

"யோவ் காது, என்னய்யா இது? தொட்டாலே விட்டுடுது. யாரு செட் பண்ணது?"

பின்சீட்டிலிருந்து டிரைவர் அண்ணன் பெருமையாகச் சொன்னார். "உன் சிநேகிதன்தான். எனக்குன்னு அளவெடுத்துச் செஞ்சு குடுத்தான். காலை அழுத்தவே வேண்டாம், மேல வெச்சா போதும். கீழ விழற வரைக்கும் அப்படித்தான் ஓட்டினேன்."

அக்கா அண்ணனைத் தள்ளுநாற்காலியில் வைத்து முன்னால் தள்ளிக்கொண்டு போன பிறகு, காது டிரைவர் பக்கக் கதவைத் திறந்து குனிந்து அந்தப் பெடலைக் கையால் அழுத்தினான். விட்டான். திரும்ப அழுத்தினான். எழுந்தபோது முகத்தில் ரத்தமே இல்லை.

"மூணு சுத்து ஒயரு" என்றான். "கால் பலம் இறங்க இறங்க நான் பெடலைத் தூக்கிக் குடுத்திருக்கேன்டா."

டாக்டரம்மா சின்ன வயசுதான். படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிக் காட்டினார். தோள்பட்டைகளுக்கு நடுவே, முதுகுத்தண்டுக்குள் ஒரு கட்டி. அது நரம்பை மெதுவாக நசுக்கிக்கொண்டிருக்கிறது. பார்த்தால் புற்றுநோய் மாதிரி இல்லை, எடுத்துவிடலாம் என்றார். அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அது சந்தோஷ அழுகை.

"கால் எப்பலேர்ந்து இப்படி இருக்கு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ரெண்டு மாசமாத்தாம்மா" என்றார் அண்ணன். "குளியலறைல விழுந்ததுலேர்ந்து."

"ரெண்டு மாசம்தான்" என்றாள் அக்காவும். "அதுக்கு முன்னால நல்லாத்தான் இருந்தார். தினம் வண்டி ஓட்டினாரே."

டாக்டரம்மா முகம் தெளிந்தது. எழுதிக்கொண்டார். "அப்ப பயப்படாதீங்க. நரம்பு ரெண்டு மாசம் நசுங்கியிருந்தா பெரும்பாலும் திரும்பிடும். அடுத்த மாசம் ஒரு தேதி பாத்து எடுத்துடலாம். நடந்துடுவார்."

அக்கா தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் காதைப் பார்த்தேன். அவன் சொல்லப்போகிறான் என்று தெரிந்துவிட்டது. சொல்லாதே என்று கண்ணால் கெஞ்சினேன். எப்படியும் அறுக்கத்தானே போகிறார்கள், அந்த ஒரு மாசமாவது அவள் நிம்மதியாக இருக்கட்டுமே என்றுதான் எனக்குத் தோன்றியது. செருப்புக் காலால் அவன் காலை மிதிக்கக்கூட மிதித்தேன்.

"டாக்டர், ரெண்டு மாசம் இல்லீங்க. பதினாலு மாசம்."

"நீங்க யாரு?"

"இவர் வண்டிக்கு மெக்கானிக்."

மச்சான் என்று சொல்லாமல் மெக்கானிக் என்று அவன் ஏன் சொன்னான் என்பது இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. பிறகு எல்லாவற்றையும் சொன்னான். பதினாலு மாசம் முன்னால் ரிவர்ஸ் கத்தியது, தான் போட்டால் விழுந்தது, அவர் போட்டால் விழாதது, ஒரு சுற்று, ஐந்து மாசம் கழித்து இன்னொரு சுற்று, அப்புறம் இன்னொன்று. மிதிக்கிற ஆழத்தை விரலால் மேஜைமேல் அளந்து காட்டினான். முதலில் இவ்வளவு, பிறகு இவ்வளவு, கடைசியில் இவ்வளவு. டாக்டரம்மா குறுக்கே பேசாமல் கேட்டார். எழுந்து வந்து அண்ணனின் இரண்டு பாதத்தையும் மறுபடி மடக்கிப் பார்த்தார். உட்கார்ந்து, எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதினார்.

"அடுத்த மாசம் வரைக்கும் தள்ள வேண்டாம். இந்த வாரமே எடுத்துடலாம். இனிமே மோசமாகாம நிறுத்தலாம். போனது எவ்வளவு திரும்பும்னு என்னால இப்ப சொல்ல முடியாது. ஆறு மாசம் முன்னால வந்திருந்தா சொல்லியிருப்பேன்."

டிரைவர் அண்ணன்தான் முதலில் பேசினார். "அவன் என்னம்மா பண்ணுவான், வண்டியைப் பாருன்னு நான்தானே கொண்டுபோனேன்" என்றார். அக்கா தம்பியின் கையை விட்டிருந்தாள்.

வெளியே நீள வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தது. காது நின்றுகொண்டேயிருந்தான். தன்னை யாரும் கேட்காமலேயே என்னிடம் சொன்னான். "நான் கேக்கற கேள்விக்கு ஒருத்தன் தப்பா பதில் சொன்னா, நான் தப்பான எடத்தைத் திறப்பேன் ஒயரு. அந்தம்மாவும் அப்படித் திறந்துடக்கூடாது இல்ல?" அவன் சொன்னது சரி. இந்த மனுஷன் சரியாகச் சொல்லும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும் என்றேனே, அன்றைக்கு அழுகைதான் வந்தது.

அக்கா எங்கள் பக்கம் வந்தாள். கத்துவாள் என்று நினைத்தேன். குரலை உயர்த்தவே இல்லை.

"பக்கத்துல படுத்துக்கிற எனக்குத் தெரியல. உனக்குத் தெரிஞ்சிருக்கு."

"தெரியலக்கா. எனக்கும் தெரியல. பெடல்னுதான்..."

"ஆமா. தம்பியா இருந்திருந்தா அவர் காலைப் பாத்திருப்பே. மெக்கானிக், அதான் பெடலைப் பாத்தே."

அவ்வளவுதான் பேசினாள். நான்காம் நாள் ஆபரேஷன் நடந்தது. கட்டி முழுசாக வந்துவிட்டது. வலது கால் ஓரளவு திரும்பியது. இடது கால் திரும்பவில்லை. பாதம் தொங்கிக்கொண்டேயிருக்கிறது. நான்கு கால் சட்டத்தைத் தள்ளிக்கொண்டு கட்டிலிலிருந்து ஜன்னல் வரை நடக்கிறார். வண்டியை விற்றார்கள். வாங்கினவர் கொண்டுபோவதற்கு முன்னால் காது கேபிளை மூன்று சுற்றும் தளர்த்திக் கொடுத்தான்.

ஷெட்டில் இப்போது யாரையும் அவன் வண்டியிலிருந்து இறக்குவதில்லை. திறந்த கதவுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, "நீங்களே போடுங்க" என்று சொல்லிவிட்டு அவர்கள் காலையே பார்க்கிறான். போன மாசம் ஒரு டீச்சரம்மாவிடம் "உங்களுக்கு முட்டி வலிக்குதா?" என்று கேட்டு, அந்தம்மா கோபித்துக்கொண்டு வேறு ஷெட்டுக்குப் போய்விட்டார். ஸ்க்ரூடிரைவரைக் காதில் வைப்பதையும் குறைத்துக்கொண்டான். வேலை குறைந்துவிட்டது. கேட்டால், "பரவால்ல விடு" என்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போவதை மட்டும் அவன் நிறுத்தவில்லை. போய் மாமாவின் காலுக்குப் பயிற்சி கொடுக்கிறான். பாதத்தை உள்ளங்கையில் ஏந்தி, மடக்கி, நீட்டி, ஒரு மணி நேரம். டிரைவர் அண்ணன் அவனோடு பழையபடிதான் பேசுகிறார், சிரிக்கிறார். போன வாரம் அவரைப் பார்க்கலாம் என்று நானும் கூடப் போனேன். காது மணியை அடித்தான். அக்கா கதவைத் திறந்தாள். என்னைப் பார்த்து, "வாப்பா, சௌக்கியமா?" என்றாள். பிறகு தம்பிக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"வாங்க" என்றாள். "உள்ளதான் இருக்கார்."

உள்ளே திரும்பி, "என்னங்க, மெக்கானிக் வந்திருக்கார்" என்று புருஷனிடம் சொன்னாள். அவன் செருப்பை ஓரமாகக் கழற்றி வைத்துவிட்டு, "சரிங்க" என்று சொல்லி உள்ளே போனான்.